படிகத்துள் ஒரு கதவு
(வாழ்க்கை வரலாறு: ஜகதீச சந்திர போஸ்)

நுழையும்முன்

அடையாற்றின் தெருவிளக்குகள் ஒளிர்வதற்கும், நம் வீட்டுக் கைப்பேசிகள் மின்னேற்றம் பெறுவதற்கும், வானொலி பேசுவதற்கும் துணைநிற்கும் சிறு பொருள் டையோடு. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடுவதே அதன் பணி. கடுகளவாகவும் அதனினும் நுண்ணிதாகவும் அமையும் இப்பொருளின் வரலாற்றை எழுதுவோர், அதன் தொடக்கப் பக்கங்களில் இந்தியர் ஒருவரின் பெயரைக் குறிக்கத் தவறுவதில்லை. அறிவியலின் நுட்பத்தையும் அறிஞரின் நெஞ்சுரத்தையும் ஒருங்கே உணர்த்துவது அவர்தம் வரலாறு.

இளமையும் கல்வியும்

ஜகதீச சந்திர போஸ் 1858 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசுப் பணியில் உயர்நிலையில் இருந்தவர். அக்காலத்தில் அத்தகைய பதவியில் இருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். பிறமொழியைக் கற்குமுன் தன் மொழியையும் தன் மக்களையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பள்ளியில் மீனவர் மகனும் ஏவலர் மகனும் போஸின் உடன் பயின்றனர். ஆற்றையும் மீன்களையும் செடிகொடிகளையும் பற்றி அவர்கள் கூறிய செய்திகள் சிறுவனின் உள்ளத்தில் இயற்கையின்மீது தீராத வேட்கையை விதைத்தன.

பின்னர்க் கல்கத்தாவின் தூய சவேரியார் கல்லூரியில் பயின்றபோது, இயற்பியல் ஆசிரியரான லபோன் அடிகளாரின் செய்முறை விளக்கங்கள் போஸை ஈர்த்தன. மருத்துவம் கற்கும் நோக்குடன் இங்கிலாந்து சென்ற அவரைக் காய்ச்சல் வாட்டியது. மருத்துவப் படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கே ராலே பிரபு போன்ற பேரறிஞரிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1884 ஆம் ஆண்டு பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

ஊதியத்தை மறுத்த பேராசிரியர்

1885 ஆம் ஆண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் போஸ் அமர்த்தப்பட்டார். சென்னை மாநகராட்சிக் கட்டடத்திற்குத் தம் பெயரை வழங்கிய ரிப்பன் பிரபுவின் பரிந்துரை அவருக்கு இருந்தது. எனினும், உயர்கல்விப் பணிக்கு இந்தியர் தகுதியற்றவர் என்னும் எண்ணம் அதிகாரிகளிடையே வேரூன்றியிருந்தது. ஒரே பணியைச் செய்யும் ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு வழங்கப்பட்டது. போஸின் பணி தற்காலிகமானது என்று காரணம் காட்டி அதிலும் பாதியைக் குறைத்தனர்.

இளம் பேராசிரியர் வாதிட்டுக் காலம் போக்கவில்லை. குறைக்கப்பட்ட ஊதியத்தைப் பெற மறுத்துவிட்டுப் பணியை மட்டும் தொடர்ந்தார். அந்நாளில் அவர் குடும்பம் செல்வநிலையில் இல்லை. மக்களின் நன்மைக்காகத் தந்தையார் தொடங்கிய தொழில்முயற்சிகள் நட்டமடைந்து, பெருங்கடன் குடும்பத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அந்நிலையிலும் மூன்றாண்டுகள் அவர் ஊதியத்தைத் தொடவில்லை. இறுதியில் அரசு இறங்கி வந்தது. பணியில் சேர்ந்த நாள்முதல் கணக்கிட்டு முழு ஊதியமும் ஒருசேர வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கத் துணையாயிற்று.

இத்துன்பக் காலத்திலேயே, 1887 ஆம் ஆண்டு, அவர் அபலா தாஸ் என்னும் மங்கையை மணந்தார். அபலாவின் வாழ்வில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. அந்நாளில் கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875 ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குக் கதவு திறந்திருந்தது. எனவே, அபலா 1882 ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் ஊர் திரும்பினார். பிற்காலத்தில் அதே கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையார், அடையாற்றில் அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். அபலா அம்மையாரும் வங்கத்தில் பெண்கல்வி பரவத் தம் வாழ்நாளை ஈந்தார்.

சிற்றறையில் பேராய்வு

மின்காந்த அலைகள் உண்டு என்பதைக் கணக்கின் வழியே மேக்ஸ்வெல் முன்னரே கூறியிருந்தார். 1880களின் இறுதியில் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் அவற்றைச் செய்முறையால் மெய்ப்பித்தார். அவர் மறைவுக்குப்பின் ஆலிவர் லாட்ஜ் வெளியிட்ட விளக்கத்தைப் படித்த போஸ், 1894 ஆம் ஆண்டு தாமும் அத்துறையில் இறங்கினார். கல்லூரியில் ஆய்வுக்கூட வசதி கிடையாது. 24 சதுர அடிப் பரப்புள்ள சிற்றறை ஒன்றே அவருக்குக் கிடைத்தது. வேண்டிய கருவிகளை உள்ளூர்த் தகர வேலைக்காரரைக் கொண்டு தாமே செய்வித்துக்கொண்டார்.

ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் நீளமானவை. அவற்றின் ஒளியொத்த பண்புகளை ஆராயப் பெரிய கருவிகள் வேண்டும். போஸ் மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள குற்றலைகளை உண்டாக்கினார். அதனால் மேசைமீது அடங்கும் சிறு கருவிகளே அவருக்குப் போதுமானவையாயின. முறுக்கிய சணல் கற்றையையும், தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடு செருகிய தொடர்வண்டிக் கால அட்டவணை நூலையும் கொண்டு அலைகளின் தளவிளைவை அவர் ஆராய்ந்தார். கல்கத்தாவில் மக்கள் கூடிய அவையில், கம்பி ஏதுமின்றிச் சுவரைக் கடந்துசென்ற அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றச் செய்தும் காட்டினார். 1896 ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1897 ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் ராயல் கழகத்தில் உரையாற்றும் சிறப்பும் அவரை வந்தடைந்தது.

அலையை உணர்தல் எங்ஙனம்?

அலையை உண்டாக்குவதினும் அதனை உணர்வது அரிதாக இருந்தது. அக்காலத்தில் உலோகத்தூள் நிரப்பிய குழாய் உணரியாகப் பயன்பட்டது. அலை பட்டவுடன் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மின்னோட்டத்தை எளிதில் செல்லவிடும். ஆனால், அடுத்த அலையை உணரவேண்டுமாயின் குழாயைத் தட்டித் தூள்களைப் பிரிக்க வேண்டும். ஈரம் மிகுந்த வங்கத்தின் காற்றில் தூள்கள் துருவேறுவதும் உண்டு. இக்குறைகளை நீக்கும் உணரியைத் தேடிப் போஸ் பல உலோகங்களையும் கனிமங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். இரும்பும் பாதரசமும் தொடும் வகையில் அமைந்த உணரியைப் பற்றி 1899 ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதினார். 1901 ஆம் ஆண்டு மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவந்த குறியீட்டைக் கேட்கப் பயன்படுத்திய உணரியும் இவ்வகையைச் சார்ந்ததே என்பதை ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினர்.

அத்தேடலின் இன்னொரு கனியே கலீனா உணரி. கலீனா என்பது காரீயமும் கந்தகமும் சேர்ந்த, பளபளப்பான தாது. அதன் படிகத்தின்மீது உலோக முனை ஒன்றை மெல்லத் தொடச் செய்தபோது, அத்தொடுமுனை அலைகளை உணர்ந்தது. அலை நின்றதும் தானாகவே பழைய நிலையை அடைந்தது. தட்டவேண்டிய தேவை எழவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது உணர்ந்தது. சாதாரணக் கம்பியில் மின்னழுத்தம் இருமடங்கானால் மின்னோட்டமும் இருமடங்காகும். போஸ் சோதித்த தொடுமுனைகள் பலவற்றில் மின்னோட்டம் இவ்வொழுங்குக்கு அடங்காமல் வளைந்து சென்றது. அவ்வளைவுகளை அவர் பொறுமையாக வரைந்து பதிவுசெய்தார்.

இத்தகைய கனிமங்களில் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் அரிதாகவும் செல்வதை 1874 ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் பிரவுன் கண்டறிந்திருந்தார். அப்பண்பு எதற்குப் பயன்படும் என்பது அப்போது புலப்படவில்லை. குறைகடத்திப் படிகத்தை மின்காந்த அலையை உணரும் கருவியாக்கிய முன்னோடி என்னும் பெருமை போஸுக்கு உரியது.

ஒருவழிக் கதவு

டையோடு எங்ஙனம் இயங்குகிறது? அடையாறு வங்கக் கடலோடு கலக்கும் கழிமுகத்தை எண்ணிப் பாருங்கள். ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றுக்குள் புகுகிறது. இறங்கும்போது நீர் கடலை நோக்கி ஓடுகிறது. முகத்துவாரத்தில் கடற்பக்கமாக மட்டும் திறக்கும் கதவு ஒன்றைப் பொருத்தினால் என்னாகும்? வெளியே செல்லும் நீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு செல்லும். உள்ளே வர முயலும் நீர் கதவை அழுத்தி மூடிவிடும். இருதிசையிலும் அலைந்த நீரோட்டம் ஒருதிசை ஓட்டமாகிவிடும். மின்னோட்டத்திற்கு இத்தகைய கதவே டையோடு.

இன்றைய டையோடுகள் பெரும்பாலும் சிலிக்கானால் ஆனவை. சிலிக்கான் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. தூய சிலிக்கானில் அவை அண்டை அணுக்களோடு பிணைந்திருப்பதால் மின்னோட்டம் அரிதாகவே செல்லும். ஐந்து வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையுடைய பாஸ்பரசைச் சிறிதளவு கலந்தால், ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் ஓர் எலக்ட்ரானை மிகுதியாகத் தருகிறது. இது என்-வகைக் குறைகடத்தி. மூன்று வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையுடைய போரானைக் கலந்தால், எலக்ட்ரான் இருக்கவேண்டிய இடம் வெற்றிடமாகிறது. அவ்வெற்றிடம் துளை எனப்படும். துளைகள் மிகுந்தது பி-வகைக் குறைகடத்தி. இவ்வாறு பிறபொருளைக் கலத்தல் மாசூட்டல் எனப்படும்.

ஒரே படிகத்தின் ஒருபாதி பி-வகையாகவும் மறுபாதி என்-வகையாகவும் அமையும்போது, இரண்டும் கூடும் சந்தியில் எலக்ட்ரான்கள் துளைகளை நோக்கிச் சென்று அவற்றை நிரப்புகின்றன. அதனால் சந்தியின் இருபுறமும் நகரும் மின்துகள்கள் அற்ற மெல்லிய பகுதி உருவாகிறது. அங்கே எஞ்சும் அயனிகள் மேலும் எலக்ட்ரான்கள் கடவாதவாறு அரணாக நின்று தடுக்கின்றன. சிலிக்கானில் இம்மின்னழுத்த அரணின் அளவு ஏறத்தாழ 0.7 வோல்ட், ஜெர்மானியத்தில் ஏறத்தாழ 0.3 வோல்ட்.

மின்கலத்தின் நேர்முனையைப் பி-பகுதியோடும் எதிர்முனையைஎன்-பகுதியோடும் இணைத்தால், புறமின்னழுத்தம் அரணைத் தாழ்த்துகிறது. 0.7 வோல்ட் அளவை எட்டியதும் கதவு திறந்தாற்போல் மின்னோட்டம் பாய்கிறது. இது முன்னோக்குச் சார்பு. முனைகளை மாற்றி இணைத்தால் அரண் உயர்கிறது. மின்துகள்கள் அற்ற பகுதி அகல்கிறது. மின்னோட்டம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இது பின்னோக்குச் சார்பு. பின்னோக்கு மின்னழுத்தம் ஓர் எல்லையைக் கடந்தால் அரண் முறிந்து பெருமின்னோட்டம் பாயும். எனவேதான் ஒவ்வொரு டையோடுக்கும் தாங்குமளவு வரையறுக்கப்படுகிறது.

உலோகமும் குறைகடத்தியும் தொடும் இடத்திலும் இதனையொத்த அரண் தோன்றும். போஸின் கலீனாப் படிகத்தில் உலோகமுனை தொட்ட இடத்தில் அமைந்த கதவு இவ்வகையினதே. எலக்ட்ரான் கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்நாளில், துளை, அரண் முதலிய கருத்துகள் எவருக்கும் தெரியா. விளக்கம் பிறக்குமுன்னரே விளைவைக் கண்டு, அளந்து, பயன்படுத்தினார் போஸ்.

தெரிந்து தெளிவோம்

நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. அதாவது, நொடிக்கு 100 முறை திசை மாறுவது. கைப்பேசியின் மின்கலத்திற்கோ ஒருதிசை மின்னோட்டமே ஏற்றது. மின்னேற்றியில் பாலம்போல் இணைக்கப்பட்ட நான்கு டையோடுகள் மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. டையோடின் இப்பயன்பாடு அலைதிருத்தல் எனப்படும். சந்தியில் எலக்ட்ரானும் துளையும் கூடும்போது வெளிப்படும் ஆற்றலை ஒளியாகத் தருவது ஒளி உமிழ் டையோடு.

காப்புரிமையும் கொள்கையும்

1901 ஆம் ஆண்டு போஸ் மீண்டும் இலண்டனில் இருந்தார். கம்பியில்லாத் தந்தி பெரும் வணிகமாக வளரத் தொடங்கியிருந்த காலம் அது. ராயல் கழகத்தில் அவர் உரையாற்றவிருந்த வேளையில், தந்தி நிறுவனம் ஒன்றின் முதலாளி அவரை நாடி வந்தார். கண்டுபிடிப்பின் நுட்பங்களை மேடையில் வெளியிடவேண்டா என்றும், காப்புரிமை பெற்று ஆதாயத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் வேண்டினார். போஸ் இசையவில்லை. அறிவு எவர்க்கும் உடைமையாகாது. கண்டதை உலகின்முன் வைப்பதே ஆய்வாளன் கடன் என்பது அவர் கொள்கை. அன்றைய உரையில் தம் கருவியின் அமைப்பை அவர் ஒளிவின்றி விளக்கினார்.

நண்பர்கள் வேறுவகையாகக் கருதினர். உரிமையைப் பதிவுசெய்யாவிடில், கண்டவர் எவர் என்பதே மறைந்துபோகும் என அவர்கள் அஞ்சினர். பாரதியார் தம் குருவாகப் போற்றி நூல்களைக் காணிக்கையாக்கிய நிவேதிதை அம்மையாரும், அமெரிக்கரான சாரா புல் அம்மையாரும் இதில் முனைந்து நின்றனர். அவர்களின் வற்புறுத்தலால் 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. 1904 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் நாள் 755840 என்னும் எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பட்டது. திண்மப்பொருளால் ஆன டையோடு உணரிக்குக் கிடைத்த முதற் காப்புரிமையாக அது கருதப்படுகிறது. வெற்றிடக் குழாயால் ஆன டையோடைப் பிளெமிங் இங்கிலாந்தில் பதிவுசெய்ததும் அவ்வாண்டின் இறுதியிலேயே ஆகும்.

காப்புரிமை கைக்கு வந்தபின்னும் அதனால் பொருளீட்டப் போஸ் முனையவில்லை. அது காலாவதியாவதையும் பொருட்படுத்தவில்லை. இம்முடிவுக்கு விலையும் இருந்தது. வானொலியின் வரலாறு மார்க்கோனி முதலியோர் பெயரால் வழங்கப்பட்டது. போஸின் பங்கைப் பொதுமக்கள் நெடுங்காலம் அறியவில்லை. அறிவைப் பொதுவில் வைப்பதும், அறிந்தவரின் உரிமையைக் காப்பதும் இரண்டுமே அறமாகத் தோன்றும் இவ்விடத்தில், எதனைத் தேர்வது என்னும் வினா இன்றும் ஆய்வாளர்முன் நிற்கிறது. போஸ் தம் விடையைத் தயங்காது தேர்ந்தார். இழப்பையும் முணுமுணுப்பின்றி ஏற்றார்.

படிகம் பேசிய காலம்

பின்வந்த ஆண்டுகளில் படிகத் தொடுமுனை உலகெங்கும் வானொலிப் பெட்டிகளில் குடிபுகுந்தது. மின்கலமே இல்லாமல், கலீனாத் துண்டும் பூனை மீசை என்று அழைக்கப்பட்ட மெல்லிய கம்பியும் காதுக்கருவியும் கொண்டு மக்கள் ஒலிபரப்பைக் கேட்டனர். வானொலி அலை ஒரு நொடியில் பல இலட்சம் முறை இருபுறமும் அசைவதால் காதுக்கருவியை அது நேரே இயக்காது. படிகம் அதன் ஒருபாதியைத் தடுத்தபின், எஞ்சும் பாதியின் ஏற்றத்தாழ்வு குரலாகவும் இசையாகவும் ஒலிக்கும். சென்னையிலும் 1924 ஆம் ஆண்டு சென்னை மாகாண வானொலி மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அம்மன்றம் பொருள்முடையால் நின்றபின், 1930 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது.

செடிகளை நோக்கி

உணரிகள் நெடுநேரம் இயங்கியபின் தளர்வதையும், ஓய்வுக்குப்பின் மீள்வதையும் கண்ட போஸின் சிந்தனை உயிர்ப்பொருள்களின்பால் திரும்பியது. தாவரங்கள் புறத்தூண்டலுக்குத் துலங்குவதை நுண்கருவிகளால் அளக்க முற்பட்டார். செடியின் கண்ணுக்குப் புலனாகா வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை உருவாக்கினார். உயிரியலார் சிலர் அவர் முடிவுகளை ஏற்கத் தயங்கினர், எதிர்ப்பும் எழுந்தது. அவர் மேலும் மேலும் செய்முறைகளைக் காட்டியே விடையளித்தார்.

1915 ஆம் ஆண்டு கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். தம் பிறந்தநாளாகிய 1917 நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஒரு காலத்தில் ஊதியத்தையே மறுத்து வாழ்ந்தவர், தம் சேமிப்பைத் திரட்டி அடுத்த தலைமுறைக்கு ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கே காணும் உண்மைகள் அனைவர்க்கும் பொதுவாகும் என்பதை அதன் நெறியாக வகுத்தார். 1920 ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் கிரிடி என்னும் ஊரில் அவர் இயற்கை எய்தினார்.

காலம் தந்த மதிப்பு

டிரான்சிஸ்டரைக் கண்டறிந்தோருள் ஒருவரும் நோபல் பரிசாளருமான பிராட்டைன், 1955 ஆம் ஆண்டு குறைகடத்தி ஆய்வின் வரலாற்றை எழுதியபோது, வானொலி அலையை உணரப் படிகத்தைப் பயன்படுத்திய முன்னோடியாகப் போஸைக் குறித்தார். பி-வகை, என்-வகைக் குறைகடத்திகள் இருக்கக்கூடும் என்பதைப் போஸ் முன்னுணர்ந்தவர் என்றும், தம் காலத்திற்கு அறுபதாண்டுகள் முற்பட்டவர் என்றும் நோபல் பரிசாளர் நெவில் மோட் மதிப்பிட்டார். 2012 ஆம் ஆண்டு மின், மின்னணுப் பொறியாளரின் பன்னாட்டு அமைப்பு, கல்கத்தாவில் போஸ் நிகழ்த்திய மில்லிமீட்டர் அலை ஆய்வுகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது.

அடையாற்றை ஒட்டி 1959 ஆம் ஆண்டு தோன்றிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இன்று சக்தி என்னும் பெயரில் நுண்செயலிகள் வடிவமைக்கப்படுகின்றன. அவற்றின் அமைப்பு முறையைப் பிறரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் பொதுவில் வைத்துள்ளனர். ஒரு நுண்செயலிக்குள் எண்ணற்ற பி-என் சந்திகள் அடங்கியுள்ளன. தகர வேலைக்காரரின் துணையோடு சிற்றறை ஒன்றில் தொடங்கிய தேடல் இவ்வளவு தூரம் வளர்ந்துள்ளது. வசதியின்மையைக் காரணம் காட்டாது, கையிலிருந்த தாதுத் துண்டையே உற்றுநோக்கிய ஒருவரின் உழைப்பும் அவ்வளர்ச்சிக்கு அடித்தளமாக உள்ளது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. பழுதடைந்த மின்கருவி ஒன்றின் மின்சுற்றுப் பலகையை ஆசிரியர் துணையுடன் ஆராய்ந்து, அதிலுள்ள டையோடுகளையும் அவற்றின் திசைக்கோட்டையும் கண்டறிந்து வரைக.
2. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறுதல் தேவையா என்னும் பொருளில், போஸின் வாழ்வை முன்வைத்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. அலைதிருத்தி, குறைகடத்தி, மாசூட்டல், மின்னழுத்த அரண் ஆகிய கலைச்சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.